நிறுவுக: கணிதம் படிக்க விண்ணப்பிப்பது பற்றி

தமிழ்நாட்டில் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது மே மாதத்து வேலை. பிளஸ் டூ முடிவு வர வேண்டும். மதிப்பெண் பட்டியலை நடுவில் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு கூட்டம் நடக்க வேண்டும். சித்தப்பாவோ மாமாவோ தனக்குத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து ஒரு கருத்து வாங்க வேண்டும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று கட்-ஆஃப் கூட்டிப் பார்த்த பிறகுதான் விண்ணப்பம் என்ற பேச்சே எழும். "ரிசல்ட் வரட்டும், பாத்துக்கலாம்" என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம்.

பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் இந்தச் சட்டத்தால் பெரிய நட்டமில்லை. கணிதத்தைக் கணிதமாகவே படிக்க நினைக்கும் பிள்ளைக்கு நட்டம் உண்டு. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனமான சி.எம்.ஐ.யும், இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ.யும் விண்ணப்பங்களைப் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியே வாங்கி முடித்துவிடுகின்றன. அவற்றின் நுழைவுத் தேர்வுகள் மே மாதத்தில். நம் வீட்டுக் கூட்டம் நடக்கும் நாளில் அந்தக் கதவு சாத்தி ஒரு மாதம் ஆகியிருக்கும். வருடா வருடம் மே இரண்டாம் வாரத்தில் யாராவது ஒரு தந்தை என்னிடம் வருவார். "பையனுக்குக் கணக்குன்னா உயிர் சார், நல்ல இடமா சொல்லுங்க" என்பார். நல்ல இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்கான நாள் போய்விட்டது என்பதையும் நானே சொல்ல வேண்டியிருக்கும். இருபது ஆண்டுகளாக இதே உரையாடல். ஊர் மட்டும் மாறும்.

ஒரு தமிழ்நாட்டு மாணவருக்குக் கணிதப் பட்டப்படிப்புக்கு உள்ள வழிகள் எவை, ஒவ்வொன்றும் எதை அளக்கிறது, அந்த அளவுகோலுக்கு நம் பள்ளி எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரை.

எளிய வழியிலிருந்து தொடங்கலாம். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு மாணவர் பல கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு மேல் போகாது. மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் தரவரிசை. 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேசுகிறவர்கள், ஒரு கட்டிடத் தொழிலாளியின் மகள் வீட்டிலிருந்து பேருந்தில் போய் பி.எஸ்சி. கணிதம் படித்து முடிப்பது எத்தனை பெரிய செய்தி என்பதை உணராதவர்கள். மாவட்டக் கல்லூரிகளின் கணித வகுப்புகளில் முன்வரிசைகளை நிரப்புவது பெரும்பாலும் பெண்கள்தான்.

ஆனால் இந்த வழி மாணவரைப் பற்றிக் கேட்பது ஒரே ஒரு கேள்வி: பிளஸ் டூவில் எவ்வளவு? அந்த எண் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். பிளஸ் டூ கணிதத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. இருபது ஒரு மதிப்பெண் வினாக்கள், ஏழு இரண்டு, ஏழு மூன்று, ஏழு ஐந்து. மீதிப் பத்து அகமதிப்பீடு. 2019-20இல் வந்த புதிய பாடநூல் பழையதைவிட நன்றாகவே எழுதப்பட்டது. அணிகள், கலப்பெண்கள், சமன்பாட்டியல், வெக்டர் இயற்கணிதம், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள் எனப் பன்னிரண்டு அத்தியாயங்கள். குறை நூலில் இல்லை. நூலின் பின்பக்க வினாக்களை வருடம் முழுக்கத் திருப்பித் திருப்பி எழுதவைத்து, கை பழகும்வரை விடாத பழக்கத்தில் இருக்கிறது. 'சென்டம்' என்ற சொல் தமிழாகிவிட்டது. எத்தனை பேர் நூற்றுக்கு நூறு என்பது பள்ளியின் விளம்பரப் பதாகையில் ஏறுகிறது. அந்த நூறில் கை வேகம் உண்டு, ஞாபகம் உண்டு, அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தம் உண்டு. கணிதம் எவ்வளவு உண்டு என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ஒரு சொல் 'நிறுவுக'. பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றத்தை நிறுவியிருப்போம். பிளஸ் டூவில் கோசைன் சூத்திரத்தை வெக்டர் முறையில் நிறுவியிருப்போம். உண்மையில் அவற்றை நிறுவியது யாரோ. நாம் நகல் எடுத்தோம். ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை படி, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதுவரை மாணவருக்குத் தெரியும். தெரியாத ஒரு கூற்று முன்னால் வந்து நின்று 'என்னை நிறுவு' என்று கேட்டால் என்ன செய்வது என்பது மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறையும் பாடத்தில் வருவதில்லை.

இரண்டாவது வழி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சி.எம்.ஐ.யின் கதை கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. காஞ்சிபுரத்தில் 1932இல் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி, மும்பையில் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகு சென்னைக்குத் திரும்பினார். 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பகுதியாக ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். தி. நகரில் சில அறைகளில் இயங்கிய அது 1998இல் துணிந்து ஒரு காரியம் செய்தது. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த இளங்கலைப் படிப்பைத் தொடங்கியது. முழுநேர ஆய்வாளர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது அன்று இந்தியாவில் அபூர்வம். சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமைகூட அப்போது இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் கொடுத்தார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வந்தது 2006 இறுதியில். திறந்தநிலைப் பட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பிய அந்த முதல் பெற்றோர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் ஊர்க் கல்யாணச் சந்தையில் அவர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்?

அதன் நுழைவுத் தேர்வு இரண்டு பகுதி. முதல் பகுதி சரி, தவறு என்று குறிக்கும் வகை. இரண்டாம் பகுதி எழுதி விளக்க வேண்டியது. முதல் பகுதியில் தேறியவரின் இரண்டாம் பகுதியைத்தான் திருத்துவார்கள். ஐ.எஸ்.ஐ.யும் ஏறத்தாழ இதே போல. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் நிறுவிய அந்த நிறுவனம் கொல்கத்தாவில் புள்ளியியல் இளங்கலையும், பெங்களூரில் கணித இளங்கலையும் நடத்துகிறது. காலையில் முப்பது கொள்குறி வினாக்கள், மதியம் எட்டு விரிவான வினாக்கள், தேறினால் நேர்காணல். கொள்குறித் தாளில் ஒரு நுட்பம்: சரியான விடைக்கு நான்கு, தவறுக்குச் சுழி, விடையளிக்காமல் விட்டால் ஒன்று. "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்வதற்கு மதிப்பெண் கொடுக்கும் தேர்வை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது; மாறாக மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. இந்த ஒரு செய்தி மட்டும் நம் மாவட்டங்களில் சரியாகப் பரவினால் விண்ணப்பங்களின் நிறமே மாறும்.

இந்தத் தேர்வுகள் எப்படிப்பட்டவை என்பதற்கு நானே ஒரு மாதிரிக் கணக்குத் தருகிறேன். 11, 111, 1111, 11111 என்று ஒன்றுகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டே போங்கள். இவற்றில் எந்த எண்ணும் முழு வர்க்கம் ஆகாது என்று நிறுவ வேண்டும். நுண்கணிதம் தேவையில்லை, சூத்திரம் தேவையில்லை. எட்டாம் வகுப்பு அறிவு போதும். நன்றாகப் படிக்கும் மாணவர் முதலில் கணிப்பானை எடுப்பார். 11க்கு வர்க்கமூலம் வராது, 111க்கு வராது, 1111க்கு வராது, ஆகவே எதற்கும் வராது என்று எழுதுவார். முடிவில்லாத வரிசையில் மூன்றைச் சோதித்துவிட்டு மிச்சத்தைச் சாமிமேல் பாரம் போட்டாயிற்று! இன்னொருவர் கொஞ்சம் நேரம் வெறுமனே உட்கார்ந்திருப்பார். வர்க்க எண்களை நான்கால் வகுத்துப் பார்ப்பார். இரட்டை எண்ணின் வர்க்கம் என்றால் மீதி 0, ஒற்றை எண்ணின் வர்க்கம் என்றால் மீதி 1. வேறு மீதியே வராது. இனி நம் வரிசை: எந்த எண்ணையும் நான்கால் வகுத்தால் வரும் மீதியைக் கடைசி இரண்டு இலக்கங்களே தீர்மானிக்கும், ஏனென்றால் நூறு நான்கால் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் எப்போதும் 11. அதன் மீதி 3. முடிந்தது. நான்கு வரி, முடிவில்லாத எண்களுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு.

இந்த நான்கு வரியை எழுதுகிற பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கியதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வாங்கிய பிள்ளை இதை எழுதிவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை. இரண்டு வாசல்களும் இரண்டு வேறு திறமைகளைக் கேட்கின்றன. நம் பள்ளி ஒன்றுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறது. கூடவே இரண்டாவது வாசலின் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ்வழியில் 'தொகையிடல்', 'பகா எண்', 'மீதி' என்று படித்த பிள்ளைக்குக் கணக்கு புரிவதற்கு முன் வாக்கியம் புரிய வேண்டும்.

இந்தத் திறமையைத் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதத்தில் வரவழைக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒலிம்பியாட் கணக்குகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அது தானாக வந்திருக்கும். செப்டம்பர் வாக்கில் நடக்கும் ஐ.ஓ.கியூ.எம். முதல் படி, அதன்பின் வட்டாரத் தேர்வு, பிறகு ஜனவரியில் தேசிய ஒலிம்பியாட். தேசிய அளவில் தேறியவர்களுக்கு ஐ.எஸ்.ஐ. எழுத்துத் தேர்வே கேட்பதில்லை, சி.எம்.ஐ.யும் அவர்களுக்குத் தனி வழி வைத்திருக்கிறது. சென்னையில் 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வு நடத்திவருகிறது. அதன் உயிர்நாடியாக இருந்த பி. கே. சீனிவாசன்தான் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமையக் காரணமானவர். இத்தனை இருந்தும், மாநிலத்தின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஒலிம்பியாட் என்றால் ஓட்டப்பந்தயம் என்று நினைக்கும் நிலைதான்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐசர் எனப்படும் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் ஏழு. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். அவற்றின் திறனறித் தேர்வில் அறுபது வினாக்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் பதினைந்து. கணிதத்தின்மேல் மட்டும் காதல் கொண்ட, கணினி அறிவியல் பிரிவில் படித்த பிள்ளை உயிரியலின் முன் விழிக்கும். ஆயினும் ஐந்தாண்டு ஒரே மூச்சில் படிக்கிற நல்ல ஏற்பாடு அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு ஆய்வுப் பட்டத்துக்கும் இந்தத் தேர்வு உதவும். மும்பை, கான்பூர் ஐ.ஐ.டி.களில் கணிதப் பட்டம் உண்டு, ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் வழியாக, அந்தத் தரவரிசை கையிலிருக்கும் பிள்ளையைக் கணினிப் பொறியியலை விட்டுவிட்டுக் கணிதம் எடுக்க எந்த வீடு விடும் என்பது வேறு கேள்வி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு 2022இல் வந்த கியூட் தேர்வு. அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது பெரிய ஆறுதல்.

தேர்வுகளைப் பற்றி இவ்வளவு பேசும்போது, தேர்வே இல்லாமல் நடந்த ஒரு சேர்க்கையையும் சொல்லத் தோன்றுகிறது. சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி 1937இல் இந்தியா வந்தார். பாரிஸில் எலி கார்டானிடம் ஆய்வு செய்தவர். திருச்சியிலும் பிறகு சென்னை லயோலா கல்லூரியிலும் பாடம் நடத்தினார். பாடத்திட்டத்துக்கு வெளியே ஐரோப்பாவில் அப்போது நடந்துகொண்டிருந்த கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டினார். கண்ணில் பொறி தெரிந்தவர்களை மும்பைக்கு, டாட்டா நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் 1953இல் அங்கே சேர்ந்தது அவர் கை காட்டியதால்தான். இருவர் பெயரும் சேர்ந்த தேற்றம் 1965இல் வந்தது. லயோலாவில் படித்த சி. பி. ராமானுஜம் 1957இல் அதே பாதையில் போனார். வரதன் வேறு தடம்: மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்து 1959இல் ஐ.எஸ்.ஐ.க்குப் போனவர், 2007இல் ஆபெல் பரிசு பெற்றார்.

இவர்கள் யாரும் பதினேழு வயதில் தேசிய நுழைவுத் தேர்வு எழுதியவர்களில்லை. உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தார்கள். அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கொண்டாடிவிடவும் முடியாது. ஒரு மனிதரின் பார்வையில் படுவதற்கு அந்தக் கல்லூரிக்குள் முதலில் நுழைந்திருக்க வேண்டும். எந்தத் தெருக்களிலிருந்து யார் நுழைந்தார்கள் என்பதை நாம் அறிவோம். ராமானுஜனையும் இங்கே ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகிறேன்: கும்பகோணத்திலும் பச்சையப்பனிலும் எஃப்.ஏ. தேறாதவருக்கு, பட்டம் இல்லாமலேயே, 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். இன்றைய இணைய விண்ணப்பத்தில் பட்டம் என்ற பெட்டியைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது.

வெளிநாட்டு முறை ஒன்றையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கேம்பிரிட்ஜ் தன் கணித மாணவர்களைச் சேர்க்க ஸ்டெப் என்ற தேர்வை வைத்திருக்கிறது. மூன்று மணி நேரம், பன்னிரண்டு வினா. அவற்றில் சிறந்த ஆறு விடைகள்தான் கணக்கில் வரும். பன்னிரண்டையும் தொட்டவரைவிட ஐந்தாறை ஆழமாக உழுதவருக்கே லாபம். நம் பொதுத்தேர்வில் ஒரு வினாவை விட்டால் சென்டம் போச்சு. அங்கே விடுவதும் திறமையில் சேர்த்தி.

இனி, கதவு மூடியபின் வரும் அந்தத் தந்தையிடம் நான் சொல்லும் பதில். பக்கத்தில் இருக்கும் நல்ல கல்லூரியில் சேர்த்துவிடுங்கள், மூன்றாண்டில் இன்னொரு கதவு திறக்கும் என்பேன். ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. எம்.எஸ்சி. அளவில் கதவுகள் அதிகம்: ஐ.ஐ.டி.களுக்கான ஜாம், சி.எம்.ஐ. முதுகலைத் தேர்வு, ஐ.எஸ்.ஐ.யின் எம்.மேத். தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தின் வாசலும் உண்டு. நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை புத்தகத்தில் நுண்கணிதம் படித்துவிட்டு, ஆறுமுகம், தங்கபாண்டி ஐசக் புத்தகத்தில் குலக் கோட்பாட்டைக் கற்றவர்கள் அந்த வகுப்பறைகளுக்குப் போயிருக்கிறார்கள்.

அங்கேயும் நாள்காட்டி காலை வாரும். ஜாம் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். அதன் பாடத்தில் பெரும்பங்கு மெய்ப் பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் குலங்களும். நம் கல்லூரிகள் பலவற்றில் இவையெல்லாம் மூன்றாம் ஆண்டில்தான் வரும். பாடம் பாதி நடக்கும்போது தேர்வு வந்துவிடும். முதல் இரண்டு ஆண்டும் பழைய பாணி இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் கழிந்திருக்கும். சி.எம்.ஐ. மாணவர் முதல் பருவத்திலேயே பகுப்பாய்வு படித்துவிடுகிறார். கூடவே ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் கை வைக்கிறார். இந்த இரண்டாண்டு இடைவெளியை நிரப்ப ஒரு வழி, 1993இல் எஸ். குமரேசன் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடை முகாம். நான்கு வாரம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். வரையறையைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் அதை மாணவரே சொல்லும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது அவர்கள் பாணி. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இங்கே போய்வந்த மாணவி ஒருத்தி திரும்பி வந்து என்னிடம் சொன்னது: "சார், மூணு நாள் அழுதேன். நாலாவது நாள்தான் தொடர்ச்சின்னா என்னன்னு புரிஞ்சது." பி.எஸ்சி.யில் தொண்ணூறு விழுக்காடு வைத்திருந்தவள் அவள்.

'கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதானே' என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன். வாத்தியார் வேலை என்றால் பி.எட்., தகுதித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரியம் என்று அதற்கே நெடிய வரிசை. கல்லூரி என்றால் நெட், செட், முனைவர் பட்டம். மற்றபடி காப்பீட்டுக் கணிப்பு, நிதி, தரவு அறிவியல் எல்லாம் இருக்கின்றன. தன் பிள்ளை பொறியியல் படித்துவிட்டு வேலை தேடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

அரசு நான் முதல்வன் திட்டத்திலும் மாதிரிப் பள்ளிகளிலும் உயர்கல்வி வழிகாட்டலுக்கு இப்போது முயல்கிறது; நல்லது. ஆனால் அங்கும் பேச்சு ஐ.ஐ.டி., நீட் என்றே சாய்கிறது. என் பங்குக்கு, போன வருடம் பக்கத்து ஊர் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் நானும் பழைய நுழைவுத் தேர்வு வினாக்கள் சிலவற்றைத் தமிழாக்க உட்கார்ந்தோம். கலைச்சொற்களில் சிக்கல் வரவில்லை. பாடநூல்கள் அதையெல்லாம் எப்போதோ செய்து வைத்திருக்கின்றன. சிக்கியது வினைச்சொல்லில். 'நிறுவுக' என்று போட்டோம். பிள்ளைகள் புத்தகத்தில் எந்தப் பயிற்சி என்று கேட்டார்கள். 'காரணம் கூறுக' என்று மாற்றினோம். அது இரண்டு மதிப்பெண் வினாவின் மொழி, இரண்டு வரி எழுதி நிறுத்தினார்கள். கடைசியில் ஒரு கணக்கின் கீழே, 'இது உண்மைதான் என்று சந்தேகக்காரரான உங்கள் நண்பரை நம்பவையுங்கள்' என்று எழுதிக் கொடுத்தோம்.

பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அதில் ஒரு தவறு இருந்தது. அது எந்த வரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.